கேஸ் எங்கே போனது?

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னையில் வீட்டுக்கு வீடு கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்.” மெக்கானிக் மீட்டரை மாட்டிக் காட்டுகிறார், முள் கீழே நிற்கிறது. இரண்டாயிரமோ மூவாயிரமோ கைமாறுகிறது, அறை குளிர்கிறது. அடுத்த கோடையிலும் அதே வாக்கியம். மூன்றாவது கோடையில் வாக்கியம் மாறுகிறது: “பழைய மிஷின் சார், புதுசு வாங்கிடுங்க.” இந்த இரண்டுக்கும் நடுவே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. குறைந்த கேஸ் எங்கே போனது?

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. தொழிற்சாலையில் எடை போட்டு அடைக்கப்பட்ட ஒரு கிலோ அளவுள்ள அந்த வாயு, மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆர்-22 என்ற பழைய கேஸ் திறந்த வெளியில் மைனஸ் 41 டிகிரியிலேயே கொதித்துவிடும். இண்டோர் காயிலுக்குள் இருக்கும் அழுத்தத்தில் ஐந்து முதல் பத்து டிகிரியில் கொதிக்கிறது. அந்த ஆவியை வெளியே உள்ள கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்குகிறது. நாற்பது டிகிரி வெயிலைவிடவும் சூடாகிவிட்ட கேஸ் அவுட்டோர் காயிலில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாகவோ எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகவோ உள்ளே திரும்புகிறது. இந்தச் சுற்றில் எங்கும் கேஸ் குறைவதற்கு வழி இல்லை. குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது. வேறு விளக்கம் கிடையாது.

இதற்குச் சாட்சி வீட்டுச் சமையலறையிலேயே நிற்கிறது. ஃப்ரிட்ஜும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது, அதுவும் இரவு பகலாக. பதினைந்து வருடம் ஓடிய ஃப்ரிட்ஜுக்கு ஆண்டுதோறும் கேஸ் போட்டதாக யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம். ஃப்ரிட்ஜின் குழாய்கள் முழுவதும் தொழிற்சாலையில் பற்றவைக்கப்பட்டவை. ஸ்ப்ளிட் ஏசியிலோ நான்கு இணைப்புகளை நம் வீட்டுச் சுவரோரம் நின்று மெக்கானிக் கையால் போடுகிறார்: உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. செம்புக் குழாயின் வாயைப் புனல் வடிவில் விரித்து, பித்தளை நட்டால் இறுக்கும் ஃப்ளேர் இணைப்பு அது. விரிக்கும்போது ஒரு கீறல் விழுந்தால், நட்டைக் கொஞ்சம் குறைவாகவோ அளவுக்கு மீறியோ இறுக்கினால், கசிவு அன்றே தொடங்கிவிடும். தெரிவதற்குத்தான் ஒரு கோடையோ இரண்டு கோடையோ ஆகும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று யோசிக்கும்போது எல்லோரும் முதலில் ஏசியின் வயதைக் கணக்கிடுகிறார்கள். வயது முக்கியம்தான். ஆனால் அதற்கு முன் தெரிய வேண்டியது, கோளாறு அந்த மூடிய கேஸ் சுற்றுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. வெளியே என்றால் பெரும்பாலும் பழுதுபார்ப்பதே சரி, ஏசிக்கு எத்தனை வயதானாலும்.

சுற்றுக்கு வெளியே நடக்கும் கோளாறுகளில், இன்வெர்ட்டர் இல்லாத ஏசிகளில் அடிக்கடி வருவது கெப்பாசிட்டர். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைத் திருகிக் கழற்றினால், உள்ளங்கையில் அடங்கும் உருளை வடிவ அலுமினிய டப்பா ஒன்று தெரியும். கம்ப்ரஸர் மோட்டார் புறப்படுவதற்கும் ஓடுவதற்கும் வேண்டிய உந்துதலைத் தருவது அதுதான். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டது உப்பியிருக்கும், சில நேரம் எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும். கெப்பாசிட்டர் போனால் கம்ப்ரஸர் “ம்ம்ம்” என்று சில நொடி முனகிவிட்டு, கட்டென்று நின்றுவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி முனகும். வீட்டுக்காரர் காதுக்கு அது கம்ப்ரஸரின் கடைசி மூச்சு போலக் கேட்கும். “கம்ப்ரஸர் போச்சு” என்று சொல்பவரை நம்பிவிடுவார். கெப்பாசிட்டரோ சில நூறு ரூபாய் பொருள். கம்ப்ரஸர் போய்விட்டது என்று யார் சொன்னாலும், “கெப்பாசிட்டரை மாத்திப் பாத்தாச்சா?” என்று கேட்காமல் ஒரு முடிவுக்கும் வரக் கூடாது. நீங்களாக அந்த மூடியைத் திறக்கவும் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் தூக்கி அடிக்கும்.

அடுத்தது பிசிபி என்கிற மின்னணுப் பலகை. மின்னழுத்தம் ஏறி இறங்குவது அதைக் கெடுக்கும், பல்லியும் கெடுக்கும். அவுட்டோர் பெட்டிக்குள் இருக்கும் கதகதப்பைத் தேடிப் போகும் பல்லி, பலகையின் இரண்டு முனைகளைத் தன் உடம்பாலேயே இணைத்துவிட்டுக் கருகிக் கிடப்பதை நம் ஊர் மெக்கானிக்குகள் சலிக்கப் பார்த்திருக்கிறார்கள். பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசி என்றால் பொதுவான பலகை ஒன்றைப் போட்டு ஓட்டிவிடலாம். இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் பலகை அப்படியல்ல. அந்த மாடலுக்குரியதே வேண்டும், விலையும் பல ஆயிரம். உதிரிபாகம் சந்தையில் நின்றுபோன மாடல் என்றால், கேஸ் சுற்று ஆரோக்கியமாக இருந்தும் ஏசியைக் கைவிட நேரும். நல்ல இயந்திரத்தை ஒரு பலகைக்காகத் தூக்கிப் போடுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிற விஷயம். கம்பெனிகள் பத்து வருடத்துக்காவது பலகைகளை இருப்பு வைத்தாக வேண்டும்.

ஃபேன் மோட்டார், சென்சார், ரிமோட், தண்ணீர் ஒழுகுவது, வாடை அடிப்பது எல்லாம் சுற்றுக்கு வெளியே உள்ளவைதான். பழுதுபாருங்கள், அல்லது வெறுமனே சர்வீஸ் செய்யுங்கள். அடைந்துபோன ஃபில்டர் ஒன்றே போதும், குளிர் பாதியாகிவிடும். காற்றோட்டம் குறைந்து காயிலில் பனிக்கட்டி கூடக் கட்டும். கேஸ் குறைந்தாலும் பனிக்கட்டி கட்டும். இரண்டுக்கும் ஒரே அறிகுறி என்பதால், கழுவிச் சுத்தம் செய்வதற்கு முன் மீட்டரைப் பார்த்து “கேஸ் இல்லை” என்று தீர்ப்புச் சொன்னால் ஏற்காதீர்கள். அழுக்கு காயிலிலும் முள் கீழேதான் நிற்கும்.

இனி சுற்றுக்கு உள்ளே. கசிவு இருப்பது உறுதியானால், அது எந்த இடத்தில் என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சுற்றுக்குள் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் சோப்பு நுரையைத் தடவி, டார்ச் அடித்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெரிய கசிவில் குமிழி பொங்கும். சின்னக் கசிவில் நட்டின் விளிம்பில் கடுகளவு வெள்ளை நுரை மெல்லச் சேரும். அரை நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தால்தான் தெரியும். எண்ணெய் பிசுக்கு படிந்த இடமும் காட்டிக்கொடுக்கும், ஏனெனில் கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியேறும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். அழுத்தப்பட்ட ஆக்சிஜன் உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் கம்ப்ரஸர் வெடித்துவிடும். உயிர் போகிற விஷயம் அது.

கசிவு ஃப்ளேர் இணைப்பில் என்றால் மகிழ்ச்சி. குழாயின் முனையை வெட்டி, புதிதாக விரித்து, இறுக்கினால் தீர்ந்தது. கசிவு இண்டோர் காயிலுக்குள் என்றால் கதை வேறு.

இண்டோர் காயிலின் செம்புச் சுவர் அரை மில்லிமீட்டர் கூடத் தடிமன் இல்லாதது. அதைத் துளைப்பது வீட்டுக் காற்றே. பெயின்ட், பிளைவுட், பசை, துப்புரவுத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் ஆவிகள் சிதைந்து ஃபார்மிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் மாறுகின்றன. குளிர்ந்த காயிலின் மேல் எப்போதும் வியர்த்திருக்கும் நீரில் இந்த அமிலங்கள் மிகச் சிறிய அளவில் கரைகின்றன. செம்பு, ஈரம், ஆக்சிஜன், அமிலம் நான்கும் ஒரே இடத்தில் கூடிவிட்டால் செம்பு அரிக்கத் தொடங்கும். மேற்பரப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாயை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், சுவருக்குள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் சுரங்கங்கள் தெரியும். எறும்புப் புற்றரிப்பு என்றே உலோகவியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்கி இரண்டு மூன்று வருடத்திலேயே, மரவேலைகள் நிறைந்த புது வீட்டில் காயில் ஓட்டையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாக்கடை ஓரத்து வீடுகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கறுப்பாக்கி அரிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று, செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மின்வேதி அரிப்பை உண்டாக்கி, அவுட்டோர் யூனிட்டின் தகடுகளைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். பெசன்ட் நகரிலும் திருவொற்றியூரிலும் கடலைப் பார்த்த பால்கனியில் மாட்டிய பழைய யூனிட் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். தகடு விரலோடு வரும்.

இப்படி அரித்த காயிலில் ஒரு துளையைப் பற்றவைத்து அடைத்தால், பக்கத்திலேயே அடுத்த துளை தயாராக இருக்கும். ஒரு துளை அல்ல, காயில் முழுவதும் நோய்ப்பட்டது. வாரன்டியில் புதுக் காயில் கிடைத்தால் மாற்றலாம். இல்லையென்றால், ஏழெட்டு வருடம் கடந்த ஏசிக்குக் காயில் வாங்கிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு வருடா வருடம் டாப்-அப் செய்வதோ இரண்டையும்விட மோசம். கம்ப்ரஸருக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது, அதன் வழியே ஓடும் கேஸ்தான். எண்ணெயைச் சுமந்து திரும்பக் கொண்டுவருவதும் அதுவே. கேஸ் குறையக் குறைய மோட்டார் சூடேறும், எண்ணெய் வற்றும், கடைசியில் மோட்டாரின் கம்பிச் சுருள் எரியும். மூவாயிரம் ரூபாய் டாப்-அப் மூன்று போட்ட பிறகு கம்ப்ரஸரும் போன வீடுகள் ஏராளம்.

எரிந்த கம்ப்ரஸர் தனியாகச் சாவதில்லை. எரிந்தபோது உண்டான அமிலமும் கரியும் குழாய்கள் முழுவதும் பரவியிருக்கும். உள்ளே அலசிச் சுத்தம் செய்யாமல், குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் ட்ரையரை மாற்றாமல் புதுக் கம்ப்ரஸரைப் பொருத்தினால் அதையும் அந்த அமிலம் தின்றுவிடும். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரன்டி தருகின்றன; காலம் மீதமிருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அலசும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டி முடிந்த கம்ப்ரஸர் என்றால், என் தீர்ப்பு புதிய ஏசி.

இந்த முடிவில் உங்கள் ஏசிக்குள் இருப்பது எந்தக் கேஸ் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். ஆர்-22 என்றால் அது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயு. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் அதைக் கைவிட்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டின் முடிவோடு புதிய கருவிகளின் தயாரிப்பில் இந்த வகை வாயுவை இந்தியா நிறுத்திவிட்டது. 2030-க்குப் பின் பழுதுபார்ப்புத் தேவைக்கும் மிகச் சிறிய அளவே கிடைக்கும். பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டும். இப்போது பரவலாக இருப்பது ஆர்-32. சில கம்பெனிகள் ஆர்-290 என்கிற புரொப்பேனையும் பயன்படுத்துகின்றன. பழைய ஆர்-22 ஏசியில் ஆர்-32-ஐ நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிய கேஸின் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு, போதாததற்கு ஆர்-32 லேசாகத் தீப்பற்றக் கூடியது. பழைய இயந்திரம் அதற்காகக் கட்டப்பட்டது அல்ல.

வெறும் டாப்-அப் என்று நாம் நினைக்கும் செயலின் எடையை ஒரு கணக்கில் பார்ப்போம். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறு ஆண்டு அளவில் அது 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் தேக்குகிறது. நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. பழைய ஒன்றரை டன் ஏசி ஆண்டுக்கு 1,250 யூனிட் ஓடினால் அதன் பங்கு 875 கிலோ. ஆக, ஒருமுறை முழுக் கேஸும் கசிந்து போவது, அந்த ஏசியை இரண்டு வருடம் ஓட்டிய மின்சாரத்தின் பாவத்துக்குச் சமம். ஏசியின் சூழல் கேட்டைப் பற்றிப் பேசுபவர்கள் கரண்ட் பில்லையே காட்டுகிறார்கள். ஓட்டையைப் பற்றிப் பேசுவதில்லை.

கரண்ட் பில்லுக்கும் வருவோம், ஏனென்றால் கடைக்காரர் அதை வைத்துத்தான் புது ஏசியை விற்பார். 2022-இல் திருத்தப்பட்ட அளவுகோலின்படி ஐந்து ஸ்டார் பெற்ற ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியின் ஸ்டிக்கரில், ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 750 யூனிட் என்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மூன்று ஸ்டார் ஏசி அதே வேலையைச் செய்ய 1,250 யூனிட்டைத் தொடும். மிச்சம் 500 யூனிட். கோடைக் காலத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் மேல் அடுக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. எட்டு என்றே வைத்தால் வருடத்துக்கு 4,000 ரூபாய். புது ஏசி, மாட்டும் செலவோடு 40,000 ரூபாய் என்றால், கரண்ட் மிச்சத்தை வைத்து மட்டும் போட்ட காசு திரும்பப் பத்து வருடம் ஆகும். 1,600 மணி நேரம் என்பது நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். சித்திரை, வைகாசி இரண்டு மாத இரவுகளில் மட்டும் ஓட்டுகிற வீட்டுக்கு மிச்சம் ஆயிரத்துச் சொச்சம்தான். அவர்களுக்குக் காசு திரும்பவே திரும்பாது. படுக்கையிலிருக்கும் பெரியவருக்காகப் பகலும் இரவும் ஓடும் அறையில் ஐந்து வருடத்துக்குள்ளேயே திரும்பிவிடும். ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஏசியைக் கரண்டுக்காக மட்டும் மாற்றுவதற்கு முன், அது வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பழுது பெரிதாக வந்துவிட்ட நேரத்தில் கணக்கு மாறும். பழுதுச் செலவு 15,000 என்றால், புதியதற்காகக் கூடுதலாகப் போடுவது 25,000தான். ஏறக்குறைய ஆறு வருடத்தில் அது திரும்பிவிடும்.

ஸ்டார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்டார் என்பது நிலையான அளவு அல்ல. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவுகோலை உயர்த்துகிறது. 2010-இல் ஐந்து ஸ்டார் வாங்கிய ஏசி, 2022-இன் அளவில் ஒரு ஸ்டாரை எட்டினாலே பெரிது. கடையில் தள்ளுபடியில் நிற்கும் பழைய இருப்பை வாங்கும்போது ஸ்டாரை எண்ணாதீர்கள். ஸ்டிக்கர் எந்த ஆண்டுக்குரியது என்பதையும், வருட யூனிட் எவ்வளவு என்பதையும் படியுங்கள்.

புதியது வாங்குவதென்று முடிவாகிவிட்டால், பழைய டன்னையே திரும்ப வாங்க வேண்டும் என்றில்லை. மொட்டை மாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சிப் பூச்சு அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புற நிழல் கொடுத்த பின் ஒன்றரை டன் அறைக்கு ஒரு டன் போதுமானதாகலாம். பெரிய டன் நல்லது என்பது தவறான நம்பிக்கை. அளவுக்கு மீறிய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசி சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க நேரம் போதாது. கடலோர ஊர்களில் நம்மை வாட்டுவது பாதி ஈரம்தான்.

மாட்டுகிற நாளில் வீட்டில் இருங்கள். வேக்குவம் பம்ப் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்துக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உறிஞ்சியெடுக்க வேண்டும். ஆர்-32 ஏசியில் ஊற்றியிருக்கும் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. மிஞ்சிய ஈரம் அமிலமாகிக் கம்ப்ரஸரை அரிக்கும். பம்ப் இல்லாமல், கேஸையே கொஞ்சம் பீய்ச்சிக் காற்றை வெளியேற்றும் பழைய வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள்.

பழையதைக் கழற்றும்போதும் ஒரு கோரிக்கை. காயலான் கடைக்குப் போகும் ஏசியின் செம்புக் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கும்போது, ‘புஸ்’ என்ற ஒரு சத்தத்தில் உள்ளே இருக்கும் முழுக் கேஸும் காற்றில் போய்விடுகிறது. கம்ப்ரஸர் ஓடுகிற நிலையில் இருந்தால் கழற்றுவதற்கு முன் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். ஆலன் கீயால் மெல்லிய குழாயின் வால்வை மூடி, சில நிமிடம் ஓட்டி, கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து, பெரிய வால்வையும் மூடிவிட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் கூட ஆகாது. கம்ப்ரஸர் ஓடாத ஏசி என்றால் கேஸைத் தனிச் சிலிண்டரில் மீட்டெடுக்கும் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அதன் பிறகு யூனிட்டை மின்கழிவு மறுசுழற்சிக்கு உரிமம் பெற்றவரிடமோ, எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கம்பெனியிடமோ கொடுங்கள். அங்கே கேஸை முறையாக மீட்கிறார்களா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.